நிரையும் நிறையும்

நிரை என்றால் எங்களுக்குத் தெரியும்.
பெரட்டில் பேர் கூப்பிட்டு
ஏழாம் நம்பர் மலையில் ஆளுக்கொன்றாய்ப் பிரித்துத் தருவது.
நிறை என்றாலும் தெரியும்.
மடுவத்தில் கணக்கப்பிள்ளையின் வாயிலிருந்து வருவது.

இரண்டையும் ஒரே தாளில் போடலாமென்று
நோர்வூட்டில் கொமினிகேஷன் கடையில் நிற்கிற
மெர்சலின்தான் சொன்னாள்.
தாள்கூட இல்லை.
போனைத் திறந்தால் கட்டம் கட்டமாய் ஒரு வெள்ளை.
லிங்க் இருக்கிற யாரும் எழுதலாம் என்றாள்.
யாரும் என்றால்?
யாரும்தான்.

முதல் வாரம் நாங்கள் மூன்று பேர்.
மரக்கறிக் கடை ஈஸ்வரபாதத்திடம்
கொக்கித் தராசை இரவல் வாங்கி
படங்குக்குள் சுற்றி மலைக்குக் கொண்டுபோனோம்.
மலையில் இருபத்தொன்று, மடுவத்தில் பதினெட்டு.
மலையில் பத்தொன்பதரை, மடுவத்தில் பதினாறரை.
கேட்டால், கொழுந்து ஈரம்,
தண்ணிக்குக் கழிவு.

இரண்டாவது என்னுடையது.
பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப் பேர்.
வெளியூர்க்காரருக்கு இது விளங்காது:
முழு நாளும் சரிவில் நின்ற காலுக்குப் பாதிச் சம்பளம்.
ரெங்கநாயகியாகிய நான்
அன்றைக்கு ரெங்க வரைக்கும்தான் வேலை செய்திருக்கிறேன்.

பிறகு ஆட்கள் வந்தார்கள்.
கணக்கு இல்லாமல் உள்ளே வருகிறவருக்கு
அந்தத் தாள் ஒரு மிருகத்தின் பேரை வைக்கிறது.
பெயரில்லாத நரி.
பெயரில்லாத ஆமை.
இரவு எட்டரைக்கு, சிக்னல் கிடைக்கிற
தண்ணித் தாங்கிப் பக்கம் நின்று பார்த்தால்
நரி ஒரு கட்டத்தில் யோசித்துக்கொண்டிருக்கும்,
ஆமை விறுவிறுவென்று இறங்கிப் போகும்.
கீழ்ப்பிரிவா, மஸ்கெலியாப் பக்கமா, தெரியாது.
ஒன்று தன் தோட்டத்தின் பேரைச் சிங்களத்தில் எழுதியது.
மெர்சலின் வாசித்துச் சொல்லும் முன்பே
இலக்கங்கள் எனக்கு விளங்கின.
இருபது, பதினேழு.
இருபத்திரண்டு, பத்தொன்பது.

யாரென்று இன்றைக்கும் தெரியாத ஒரு நீர்நாய்
ஒரு செவ்வாய்க்கிழமை
யாரையும் கேட்காமல் புதிதாய் ஒரு நிரல் சேர்த்தது.
தலைப்பு: அன்று மழையா?
எனக்கு எரிச்சல்.
யாருக்கு வேண்டும் இங்கே வானிலை?
முள்ளம்பன்றி அழித்தது. நீர்நாய் திரும்பப் போட்டது.
அழித்தது.
போட்டது. போட்டதோடு நிற்காமல்
தானே கீழே நிரப்பிக்கொண்டு போனது:
வெயில், வெயில், வெயில், தூறல், வெயில்.

நாங்களும் நிரப்பினோம், வேண்டா வெறுப்பாய்.
மாசி மாதம். பனி கருக்கிய கொழுந்து.
பதினொரு நாள் ஒரு சொட்டு இல்லை.
பதினொரு நாளும் தண்ணிக்கு மூன்று கிலோ.
ஆறு தோட்டம், ஆறு தராசு,
அதே மூன்று.

கை நடுங்கியது அப்போதுதான்.
இத்தனை வருசமும்
என் கொழுந்து மட்டும்தான் ஈரமென்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு இரவு யாரோ முழுவதையும் அழித்துவிட்டார்கள்.
அவருக்கும் ஒரு மிருகப் பேர் இருந்திருக்கும்.
யாரும் என்றால் யாரும்தான்.
மெர்சலின் விடியும் முன் நேற்றைய தாளைத் தோண்டியெடுத்தாள்.
எழுதியது, திருத்தியது, திருத்தியதைத் திருத்தியது
எல்லாவற்றையும் அது வைத்திருக்கிறதாம்.
கணக்கப்பிள்ளையின் கொப்பியில்
வெள்ளை மை பூசினால் பூசியதுதான்.

அதைத் தாளில் அடித்து, ஒட்டி,
துரையின் மேசையில் விரித்தபோது மேசை போதவில்லை.
அவர் முதலில் கேட்டது: யார் இந்த நீர்நாய்?

சித்திரையில் மடுவத்துக்குப் புதுத் தராசு வந்தது.
சிவப்பில் இலக்கம் காட்டும்.
மலையில் இருபது, மடுவத்தில் இருபது.
ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம்.
மறுநாள் மலையில் இருபது,
மடுவத்தில் பத்தொன்பதரை.

எழுதினேன்.
மழையா என்ற இடத்தில்
விரல் கொஞ்சம் தயங்கியது.
பின்னேரம் உண்மையாகவே தூறியிருந்தது.
தூறல் என்றே போட்டேன்.